செவ்வாய்க்கிழமை மதியம் யார் வருவார்கள்?

இங்கிலாந்தில் நாங்கள் வாழும் ஊரின் பப்புக்குக் கணக்கு பார்க்கப்போகிறேன் என்று அம்மாவிடம் போனில் சொன்னபோது அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "ஏட்டி, சாராயக் கடைக்கா நீ கணக்கு எழுதப் போற?" என்றாள். கோவில்பட்டியில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு 'பப்' என்றால் வேறென்ன தோன்றும்? எனக்கே பல நாள் அப்படித்தான் இருந்தது.

இங்கிலாந்தின் வடக்கு யார்க்ஷயரில், வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில் இருக்கிற இந்தச் சின்ன ஊருக்கு 2009இல் குடிவந்தோம். என் கணவருக்கு மருத்துவமனையில் வேலை, எனக்குக் கணக்கர் வேலை. இருவருக்குமே குடிப்பழக்கம் கிடையாது. வீட்டிலிருந்து இருநூறு அடியில் இருந்த பப்பின் கதவை முதல் எட்டு மாதம் நான் தள்ளிப் பார்த்ததுகூட இல்லை. பிறகு ஒருநாள் நல்ல பனி. கார் மேட்டில் ஏறாமல் நின்றுவிட்டது. பின்சீட்டில் நாலு வயது மகள். வேறு வழியில்லாமல் அந்தக் கதவைத் தள்ளினேன்.

உள்ளே விறகு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் ஒரு நாய் படுத்திருந்தது. இரண்டு பாட்டிகள் பின்னல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மேசையில் ஏதோ வாய்க்கால் தகராறு பற்றி வரைபடத்தை விரித்துவைத்துப் பேச்சு நடந்தது. ஒரு பையன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். "உட்காரும்மா" என்று நம் ஊரில் சொல்கிற அதே தொனியில், 'லவ்' என்று கூப்பிட்டு டீ கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை. அரைமணி நேரத்தில் யாரோ டிராக்டர் கொண்டுவந்து காரை இழுத்துவிட்டார்கள். இது எங்கள் ஊர்ச் சாவடி மாதிரி என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அம்மாவுக்கும் கடைசியில் அந்த ஒரு சொல்தான் விளங்கவைத்தது.

அந்தச் சாவடி என் கண்முன்னால் மெல்ல மெல்லச் செத்ததையும், அதை ஊர் சேர்ந்து மீட்டதையும்தான் எழுதப்போகிறேன். ஒரு பொது இடத்தை ஊரே வாங்கி நடத்தலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

பப் ஏன் சாகிறது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். 2007 ஜூலை 1 முதல் பப்புக்குள் புகைபிடிக்கத் தடை வந்ததைச் சிலர் சொல்வார்கள். குழந்தையோடு போகிற எனக்கு அது வரமாகத்தான் இருந்தது. சூப்பர்மார்க்கெட்டில் பீர் மலிவு என்பார்கள். 2008 முதல் 2013 வரை பீர் வரியை ஒவ்வோர் ஆண்டும் விலைவாசி உயர்வுக்கு மேல் 2 சதவீதம் ஏற்றிக்கொண்டே போனதைச் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் எங்கள் பப்பின் கணக்கைப் பின்னாளில் கையில் எடுத்துப் பார்த்தபோது, முதல் அடி வேறு இடத்தில் விழுந்திருப்பது தெரிந்தது.

ஒரு காலத்தில் இந்த நாட்டின் பப்களில் பெரும்பங்கு பெரிய பீர் ஆலைகளிடம் இருந்தது. ஏகபோகத்தை உடைக்கிறோம் என்று 1989இல் அரசு ஓர் ஆணை போட்டது. 2,000 பப்களுக்கு மேல் வைத்திருந்த ஆலைகள், அந்த 2,000க்கு மேற்பட்டதில் பாதியைத் தங்கள் பிடியிலிருந்து விடவேண்டும் என்றது. விட்டார்கள். ஆனால் அவற்றில் ஏராளமானவற்றை வாங்கியது நடத்துகிறவர்கள் அல்ல, பப்களை மொத்தமாக வாங்கி வாடகைக்கு விடுகிற புது நிறுவனங்கள். அவர்கள் கடன் வாங்கித்தான் வாங்கினார்கள். அந்தக் கடனைக் கட்ட வாடகையும் வேண்டும், பீரில் லாபமும் வேண்டும். பப்பை வாடகைக்கு எடுத்தவர் பீரை அந்த நிறுவனத்திடமிருந்துதான் வாங்கவேண்டும், அதுவும் வெளிச்சந்தையைவிடக் கூடுதல் விலைக்கு. இதற்கு 'டை' என்று பெயர். இரண்டு பக்கமும் இறுக்குகிற முடிச்சு.

எங்கள் பப்பை ஒன்பது ஆண்டுகளில் ஐந்து குடும்பங்கள் எடுத்து நடத்தின. ஒவ்வொருவரும் சேமிப்பைப் போட்டு, சுவருக்கு வெள்ளையடித்து, ஆசையோடு ஆரம்பித்தார்கள். பதினெட்டு மாதத்தில் கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு சாமான்களை வேனில் ஏற்றினார்கள். ஊரில் நாங்கள் என்ன பேசினோம் தெரியுமா? "இவருக்குச் சமைக்கத் தெரியவில்லை", "அவள் முகம் கொடுத்துப் பேசமாட்டாள்". கணக்கு யாருக்கும் தெரியாது. நஷ்டம் மனிதர்களால் வந்ததல்ல, குத்தகைப் பத்திரத்தால் வந்தது. அந்த ஐந்து குடும்பங்களைப் பற்றி நான் பேசியதையெல்லாம் இன்றைக்கும் வருத்தத்தோடுதான் நினைக்கிறேன்.

2016 இலையுதிர் காலத்தில் பப் மூடிவிட்டது. ஜன்னல்களில் பலகை அடித்தார்கள். அந்தக் குளிர்காலம் ஊர் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். தனியாக வாழ்ந்த ஒரு முதியவர் வீட்டில் விழுந்து இரண்டு நாள் கிடந்தார். முன்பென்றால் ஒரு சாயங்காலம் அவர் வரவில்லையென்றாலே யாராவது போய்க் கதவைத் தட்டியிருப்பார்கள். இப்போது அவர் வரவில்லை என்பதைக் கவனிக்கிற இடமே இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. என்னை மாதிரி பலருக்கும் பொறுக்கவில்லை.

நல்லவேளையாக, ஊரில் ஒருவர் முன்யோசனையோடு ஒரு காரியம் செய்துவைத்திருந்தார். 2011ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டப்படி, ஊருக்குத் தேவையான ஒரு கட்டடத்தைச் 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று உள்ளாட்சியின் பட்டியலில் சேர்க்கச் சொல்லலாம். நம் பஞ்சாயத்து மாதிரியான பாரிஷ் கவுன்சில் விண்ணப்பிக்கலாம், அல்லது உள்ளூர் வாக்காளர்கள் 21 பேர் குழுவாகச் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். ஐந்து ஆண்டுகள் செல்லும். பப் திறந்திருந்த காலத்திலேயே அதைச் செய்துவிட்டிருந்தோம். இது நான் கண்ட முதல் பாடம்: கட்டடம் நன்றாக நடக்கும்போதே பதிந்துவையுங்கள், மூடிய பிறகு ஓடாதீர்கள்.

உரிமையாளர் விற்பனை நோட்டீஸ் கொடுத்ததும் ஆறு வாரக் கெடு தொடங்கியது. அதற்குள் "எங்களுக்கு வாங்க விருப்பம்" என்று எழுதிக் கொடுத்தால், நோட்டீஸ் தேதியிலிருந்து மொத்தம் ஆறு மாதம் விற்பனை நிற்கும். ஆனால் ஆறு மாதம் கழித்து உங்களுக்குத்தான் விற்கவேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சட்டம் நேரத்தைத்தான் தருகிறது. இன்னொன்று, திறந்து நடந்துகொண்டிருக்கும் பப்பை நடக்கிற வியாபாரமாகவே விற்றால் இந்தக் காத்திருப்பே பொருந்தாது.

அந்த ஆறு மாதத்தில் நாங்கள் இரண்டு ஊர்களுக்குப் போய்ப் பார்த்தோம். கம்ப்ரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட்டில் இருக்கும் 'ஓல்ட் கிரவுன்', 2003இல் வாடிக்கையாளர்களே கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கியது. பிரிட்டனில் கூட்டுறவுப் பப்களுக்கு அதுதான் முன்னோடி. இன்னொன்று எங்களுக்கு அருகிலேயே, ரிச்மண்டை ஒட்டிய ஹட்ஸ்வெல்லில் இருக்கும் 'ஜார்ஜ் அண்ட் டிராகன்'. 2008இல் மூடி, 2010இல் ஊர்க்காரர்கள் வாங்கித் திறந்தார்கள். அங்கேயே ஒரு சிறிய நூலகம், ஒரு சிறிய கடை, ஊர்க்காரர்கள் காய்கறி போடத் துண்டு நிலங்கள். பாரம்பரிய பீருக்காக 1971இலிருந்து இயங்கிவரும் கேம்ரா அமைப்பு, 2016ஆம் ஆண்டின் நாட்டிலேயே சிறந்த பப் என்று அதைத்தான் தேர்ந்தெடுத்தது. அங்கே கட்டடம் ஊருடையது, நடத்துவது வாடகைக்கு எடுத்தவர். இதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தும் நாங்கள் வேறு மாதிரி ஆரம்பித்தோம். அந்தத் தவறைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சட்ட வடிவம் என்று பார்த்தால், கூட்டுறவு, சமூக நலச் சங்கங்களுக்கான 2014 சட்டத்தின் கீழ் 'சமூக நலச் சங்கம்' பதிந்தோம். ஊர்மக்களே நடத்தும் கடைகளுக்கும் பப்களுக்கும் உதவுகிற பிளங்கெட் அமைப்பின் மாதிரி விதிகளைப் பயன்படுத்தியதால் வக்கீல் செலவு மிச்சம். இதில் 250 பவுண்டு போட்டவருக்கும் ஒரு ஓட்டு, 20,000 போட்டவருக்கும் ஒரு ஓட்டு. என்னைப் பொருளாளராகப் போட்டார்கள். குடிக்காதவள் என்பதாலேயே என்னை நம்பினார்களோ என்னவோ, யாரும் மறுத்துப் பேசவில்லை.

பங்கு விற்க ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். நூறு நாற்காலி போட்டும் சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். ஆடு வளர்க்கிற பெரியவர் ஒருவர், வாழ்க்கையில் எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவர், எழுந்து கேட்டார்: "போட்ட காசு திரும்ப வருமா?" மேடையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். சொன்னேன்: "வராமலும் போகலாம். இது வங்கி டெபாசிட் இல்லை. பப் மூழ்கினால் எந்த ஈட்டுத்தொகைத் திட்டமும் உங்கள் பணத்தைத் திருப்பித் தராது. முதல் மூன்று ஆண்டு எடுக்கவே முடியாது. போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகையை மட்டும் போடுங்கள்." மண்டபம் அமைதியாகிவிட்டது. காரியத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று எனக்கு வயிறு கலங்கியது. கூட்டம் முடிந்து நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தபோது அவர் வந்து ஒரு பழுப்பு உறையைக் கையில் திணித்தார். உள்ளே 500 பவுண்டு, இருபது பவுண்டு நோட்டுகளாக. "பொய் சொல்லவில்லை, அதனால்தான்" என்றார்.

231 பேர் சேர்ந்து 2,38,000 பவுண்டு போட்டார்கள். மானியம் 20,000, கடன் 1,02,000. கட்டடம் 2,85,000, மீதி 75,000 கூரைக்கும், நிலவறைக்கும், வக்கீலுக்கும், முதல் சரக்குக்கும். 2018 செப்டம்பரில் கதவைத் திறந்தோம். அன்றிரவு நடக்க இடமில்லை. அழுதவர்கள் பலர், நானும்தான்.

பணம் திரட்டுவதுதான் மலை என்று எல்லோரும் நினைத்திருந்தோம். இல்லை. அது ஊர் கூடித் தேர் இழுப்பது மாதிரி, எல்லோரும் ஒரு கை கொடுப்பார்கள். தேர் நிலைக்கு வந்த பிறகு தினமும் விளக்கேற்ற யார் வருவார் என்பதுதான் கேள்வி.

2019 ஜனவரியில் வங்கியில் 1,900 பவுண்டு இருந்தது. அந்த வாரச் சம்பளமும் சரக்குப் பாக்கியும் 4,300. கிறிஸ்துமஸ் வியாபாரம் நன்றாக நடந்தும் ஏன் இப்படி? 4.20 பவுண்டுக்கு ஒரு பைண்ட் பீர், அதாவது அரை லிட்டருக்குச் சற்று மேல், விற்றால் அதில் 70 பென்ஸ் அரசுக்குக் கட்டவேண்டிய வாட் வரி. அது நம் பணமே இல்லை. ஆனால் கல்லாவில் எல்லாம் ஒன்றாகத்தான் கிடக்கும். மேலாளர் அதை எடுத்துப் பாக்கிகளை அடைத்திருந்தார். நானும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரி கட்டுகிற நாள் வந்ததும் கை காலியாகிவிட்டது. ஆறு பேர் தனித்தனியாகச் சங்கத்துக்குக் கடன் கொடுத்து அந்த மாதம் தப்பித்தோம். அன்றிலிருந்து ஒவ்வொரு திங்கள் காலையும் போன வார வசூலில் ஆறில் ஒரு பங்கு வேறொரு கணக்குக்குப் போய்விடும். யார் கெஞ்சினாலும் அதைத் தொடுவதில்லை. கூடவே அடுத்த பதின்மூன்று வாரத்துக்கு என்ன வரும், என்ன போகும் என்று ஒரே தாளில் எழுதி, வாராவாரம் திருத்துகிறேன்.

அடுத்தது நிலவறை. குடிக்காத எனக்கு அங்கே என்ன வேலை என்று நினைத்திருந்தேன். வாங்கிய பீருக்கும் விற்ற பீருக்கும் கணக்கு இடித்ததால் ஒருநாள் படியிறங்கிப் போனேன். அந்த நாளை மறக்கமுடியாது. பக்கத்து ஊரில் நாற்பது ஆண்டு பப் நடத்தி ஓய்வுபெற்ற ஓர் அம்மா எங்களுக்காக வந்து சொல்லிக்கொடுத்தார். பீப்பாய் படுத்த வாக்கில் தாங்கியின் மேல் இருந்தது. மேல்பக்கத்து அடைப்பில் நுண்துளையுள்ள மரமுளை ஒன்றைச் சுத்தியலால் அடித்தார். 'ஸ்ஸ்' என்று ஒரு மூச்சு. முளையைச் சுற்றி வெண்நுரை கொப்புளித்து வழிந்தது. துணியால் துடைத்தார், மறுபடி பொங்கியது. இரவெல்லாம் புளித்த மாவு காலையில் பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்குமே, அதேதான். உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. நுரை அடங்கியதும் கெட்டி முளையை வைத்து மூடி, மண்டி கீழே படியும்வரை ஒருநாளாவது அசைக்காமல் விடவேண்டும். நிலவறை 11 முதல் 13 டிகிரிக்குள் இருக்கவேண்டும். பீப்பாயைத் திறந்து விற்கத் தொடங்கினால் உள்ளே காற்று போகும், மூன்று நாள்தான் ஆயுள். திறந்து நாலு நாளான ஒரு பழைய பீப்பாயை முகர்ந்து பார்க்கச் சொன்னார். காடி வாடை குப்பென்று அடித்தது.

எனக்குக் கணக்கு அங்கேயே விழுந்துவிட்டது. ஒரு ஃபர்கின் என்றால் ஒன்பது காலன், 72 பைண்ட். மேலே நாலு கைப்பம்புகளில் நாலு வகை பீர். குளிர்காலத்தில் மூன்று நாளில் ஒரு வகை முப்பது பைண்ட்கூடப் போகாது. பாதிக்கு மேல் கீழே கொட்டுகிறோம், கொட்டாததும் ருசி கெட்டுப் போகிறது. ருசி கெட்டால் ஆள் வரமாட்டார், ஆள் வராவிட்டால் இன்னும் கெடும். மறுவாரமே இரண்டு பம்புகளை நிறுத்தினோம். மீதி இரண்டில் ஒன்றுக்குப் பாதி அளவான 'பின்' பீப்பாய், 36 பைண்ட். நாலு கைப்பிடி இருந்த இடத்தில் இரண்டா என்று முணுமுணுத்தார்கள். மூன்று வாரத்தில் முணுமுணுப்பு நின்றது, பீர் நன்றாக இருந்ததால்.

அப்புறம் செவ்வாய்க்கிழமை. வெள்ளி, சனி எந்தப் பப்பிலும் கூட்டம் இருக்கும். அதைப் பார்த்து மயங்கக்கூடாது. கிழமைவாரியாக வசூலைப் பிரித்து எழுதினேன். பிப்ரவரியில் ஒரு செவ்வாய் இரவு மொத்த வசூல் 61 பவுண்டு. இரண்டு பேர் சம்பளமும் சூடேற்றும் எண்ணெய்ச் செலவும் அதைவிட அதிகம். நிர்வாகக் குழுவில் பெரிய வாக்குவாதம். பப் என்றால் தினமும் விளக்கு எரியவேண்டும் என்று ஒரு கட்சி. நான் மறு கட்சி. கடைசியில் திங்களும் செவ்வாயும் இரவு மூடினோம். பதிலுக்குச் செவ்வாய் மதியம் பதினொன்று முதல் மூன்று வரை திறந்தோம். தபால் நிலையத்தின் கிளைச் சேவை ஒன்றை இரண்டு மணி நேரம் மூலை மேசைக்கு வரவழைத்தோம். ஓர் அலமாரியில் பால், ரொட்டி, முட்டை. ஒரு சூப், அதோடு ரொட்டி, 4 பவுண்டு.

சூப்புக்கு என் முறை வந்தபோது ரசம் வைத்தேன். 'மல்லிகடானி' என்ற சூப்பை இந்த நாட்டில் தலைமுறைகளாகக் குடிக்கிறார்கள், அது நம் மிளகுத்தண்ணிதான் என்பது இவர்களுக்குத் தெரியாது. எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொன்னேன். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்ட அசல் ரசம் அன்றைக்கு நாற்பது நிமிடத்தில் தீர்ந்தது. சளி பிடித்த இரண்டு பேர் பாட்டிலில் வாங்கிப் போனார்கள்.

செவ்வாய் மதியத்தில் பெரிய லாபம் இல்லை. ஆனால் சனிக்கிழமை மேசை கேட்டு வருகிறவர்களில் பலர் செவ்வாய்க்கிழமை சூப்புக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

2020 மார்ச் 20ஆம் தேதி நாட்டின் எல்லாப் பப்களையும் மூடச் சொன்னார்கள். எங்கள் அலமாரிதான் அன்று எங்களைக் காப்பாற்றியது. அது இரண்டே வாரத்தில் முழு மளிகைக் கடையானது. தன்னார்வலர்கள் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஜூலை 4 மறுபடி திறந்தபோது கையில் கொஞ்சம் காசுகூட இருந்தது. ஆனால் ஆட்கள் களைத்துப்போயிருந்தார்கள்.

நான் முன்னே சொன்ன தவறு இதுதான். நாங்களே சம்பள மேலாளரை வைத்து, மீதியைத் தன்னார்வலர்களைக் கொண்டு நடத்தலாம் என்று ஆரம்பித்தோம். ஆசையில் செய்தது. மேலாளருக்கு நிர்வாகக் குழுவில் பதினொரு முதலாளிகள். ஒருவர் சிப்ஸைத் தடிமனாக வெட்டச் சொல்வார், மற்றவர் மெலிதாக. இரவு பதினொரு மணிக்குக் கழிவறைக் குழாய் உடைந்தால் போன் வருவது ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியைக்கு. இரண்டு ஆண்டில் மூன்று பேர் குழுவைவிட்டு விலகினார்கள், அதில் இருவர் ஒருவரோடொருவர் பேசுவதையே நிறுத்தினார்கள். அந்த மனஸ்தாபம்தான் பண நஷ்டத்தைவிட எனக்கு வலித்தது.

2021இல் ஹட்ஸ்வெல்லின் வழிக்கு வந்தோம். கட்டடம் சங்கத்துடையது. ஒரு தம்பதி வாடகைக்கு எடுத்து மேல்மாடியில் குடியிருந்து நடத்துகிறார்கள். 'டை' கிடையாது, எந்த ஆலையிலிருந்தும் நல்ல விலைக்கு வாங்கலாம். முதல் ஆண்டு வாடகை குறைவு, பிறகு படிப்படியாக ஏறும். செவ்வாய் மதியமும் கடை அலமாரியும் குத்தகையிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. சமையலறைக்குள் குழு உறுப்பினர் யாரும் போய் யோசனை சொல்லக்கூடாது என்பதையும் எழுதினோம். அந்த வரிக்காகத்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதாக அந்தப் பெண் பிறகு என்னிடம் சொன்னாள்.

2022இல் எரிபொருள் விலை ஏறியபோது அவர்கள் மூழ்கிவிடுவார்களோ என்று பயந்தோம். ஆறு மாதம் வாடகையைப் பாதியாக்கினோம். பழைய உரிமையாளரிடம் இதைக் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குப் பங்குதாரர்கள் 231 பேரில் ஒருவர்கூட எதிர்த்து ஓட்டுப் போடவில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் மூலை மேசையில் தாளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அந்த ஆடு வளர்க்கிற பெரியவர் வந்து எதிரில் உட்கார்ந்தார். பங்கு சம்பந்தமாகப் படிவம் வேண்டும் என்றார். எடுக்கப் போகிறார் போலிருக்கிறது, எடுக்கட்டும், கையில் இருக்கிறது என்று நினைத்தபடி பணம் எடுக்கும் படிவத்தை நீட்டினேன். அவர் தலையை ஆட்டினார். "இது இல்லை. நான் போன பிறகு யாருக்குப் போகவேண்டும் என்று எழுதுவது." எங்கள் மாதிரிச் சங்கங்களில் உறுப்பினர் ஒருவர் 5,000 பவுண்டு வரை அப்படி நியமித்து எழுதிவைக்கலாம். அந்தப் படிவத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேத்தியின் பெயரைப் பெரிய எழுத்துகளில், ஒவ்வொன்றாக எழுதினார். மையைக் காயவைக்கத் தாளைச் சிறிது நேரம் அடுப்புப் பக்கம் காட்டினார். பிறகு இன்றைக்கு என்ன சூப் என்று கேட்டார்.